கட்டிப் போட்ட போன்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மா அவர்களே,

இதை வாசிக்கின்ற தாங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை நான் அறியேன். தங்கள் போனின் மேல் மூலையில் சிறிய கோடுகள் ஏறி நிற்கும் என்றும், அவற்றைத் தாங்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டீர்கள் என்றும் எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் பார்ப்போம். கொடைக்கானலைத் தாண்டி, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் எல்லாம் தாண்டி, தமிழ்நாடு முடிகிற இடத்தில் இருக்கிற கிளாவரையில் பூண்டும் கேரட்டும் பயிரிடுகிறவன் நான். அதிகம் படித்தவன் அல்லன். கோயிலில் வேதாகம வாசகம் வாசித்து வாசித்து எழுத்துக்குப் பழகியவன். ஆதலால் சொற்களில் குறை இருப்பின் பொறுத்துக்கொள்ளவும். கோபத்தில் குறை இருக்காது. அதை மறைத்து எழுதும் உத்தேசமும் எனக்கு இல்லை.

முதலில் எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தை விளக்க வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

எங்கள் ஊரில் புது போன் வாங்கினால் அதைக் கட்டிப் போடுவோம். கயிற்றால் அல்ல. போனுக்குள் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. வாங்கும்போது அது ‘தானாக’ என்று இருக்கும். அதாவது எந்த டவர் பலமாக இருக்கிறதோ அதைப் போன் தானே பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதை மாற்றி, எங்கள் கம்பெனியின் பெயரை மட்டும் அழுத்தி வைத்துவிடுவோம். அதன்பின் போன் வேறு எந்த டவரின் பக்கமும் போகாது. ஊரில் இதற்குப் பெயர் கட்டிப் போடுதல். போனோடு டவுனிலிருந்து வருகிறவனைப் பார்த்துப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, “கட்டியாச்சா?” என்பதுதான். கன்றுக்குட்டி வாங்கி வந்தவனைக் கேட்பது போலவே கேட்பார்கள்.

காரணம் இருக்கிறது. மேட்டுக் காட்டில் நின்றால் எதிரே வட்டவடை. அது கேரளம். அந்த டவர் எங்கள் டவரைவிடப் பலமாக வீசும். கட்டாத போன் அங்கே ஓடிவிடும். ஒரு காலத்தில் ஓடினால் பேலன்ஸ் தீர்ந்துவிடும். கூப்பிட்டால் மலையாளத்தில் ஒரு குரல் பேசும். “என்னப்பா, உன் போன் மலையாளத்தான் காட்டுல மேயப் போயிருச்சாம்ல” என்று ஊரே கேலி செய்யும். நாங்கள் கொடைக்கானல் டவுனில் உள்ள கம்பெனிக் கடைக்குச் சென்று முறையிட்டபோது, கவுண்டரில் இருந்த பெண்தான் இந்தப் பூட்டைச் சொல்லிக் கொடுத்தாள். “இப்படி வச்சுக்கங்க, எங்கயும் போகாது” என்றாள். அவர்கள் சொன்னார்கள், நாங்கள் செய்தோம். பின்னாளில், அடுத்த டவரில் பேசுவதற்குப் பிடிக்கிற அந்த ரோமிங் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டதாகக் கேள்வி. ஆனால் பழக்கம் நின்றது. ஏனென்றால், அந்தப் பக்கம் போன போன் தானாகத் திரும்பி வராது. அணைத்து அணைத்துப் போட வேண்டும். அதற்குள் வந்த அழைப்பெல்லாம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள முகட்டில் வேறொரு கம்பெனி புதிதாக டவர் எழுப்பியது. எங்களுக்காக அன்று. சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போட ஒருவர் அங்கே இடம் வாங்கியிருந்தார். கூடாரத்தில் படுப்பவர்களுக்குப் படம் பார்க்க வேண்டுமாம். அந்தக் கம்பெனியின் சிம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் மட்டும் இருந்தது. அவர்கள் திண்டுக்கல்காரர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதத்து மழை. செவ்வாய்க்கிழமை காற்றோடு கொட்டியது. புதன் விடிந்தபோது மின்சாரம் இல்லை. போனில் கோடுகள் இல்லை. போளூர் மேட்டில் உள்ள எங்கள் கம்பெனி டவர் செத்துவிட்டது. எதிரே வட்டவடை டவரும் அதே காற்றில் செத்திருந்தது. மழை எச்சரிக்கையால் பள்ளி விடுமுறை விட்டதால் டீச்சர் திங்களன்றே ஊருக்குப் போய்விட்டார்கள். கூடாரங்களையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முகட்டில் அந்தப் புது டவர் மட்டும் சொந்த ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டு, உச்சியில் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு நின்றது.

அன்று மதியம் கேரட் காட்டைப் பார்க்கப் போனவர்கள் ஓடி வந்தார்கள். ஊருக்கு வெளியே, போளூர் போகிற சாலையில் உள்ள பெரிய வளைவில், சாலைக்கு அடியில் இருந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நானும் சென்று பார்த்தேன். பக்கவாட்டில் இறங்கிப் பார்த்தால் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குக் குகை. மேலே பார்த்தால் தார் அப்படியே இருக்கிறது. போளூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல சாலை என்றே எண்ணுவான்.

அதைப் பார்த்த உடனே எனக்கு மருமகன் நினைவுதான் வந்தது.

என் மகள் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் அங்கேயே சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். என் மனைவிக்கு ரத்த அழுத்தம் உண்டு. அந்த மாத்திரையை மாதாமாதம் டவுனில் வாங்கி ஜீப்பில் கொண்டுவந்து கொடுப்பவர் அவர். என் சொந்த மகன் இருந்திருந்தாலும் அப்படிச் செய்திருப்பானா என்பது சந்தேகம். அந்த வாரம் மாத்திரை வர வேண்டிய வாரம். ஆனால் வீட்டில் மாத்திரை மிச்சம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. போன் போகவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? அத்தைக்கு மாத்திரை தீர்ந்திருக்கும் என்று நினைப்பார். மழை வெறித்தவுடன் புறப்பட்டு வருவார்.

“மாப்பிள்ளை, வராதீங்க.”

இவ்வளவுதான் ஐயா நான் சொல்ல வேண்டியிருந்தது. இதற்குமேல் ஒரு எழுத்தும் தேவைப்படவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. வளைவின் மேல் கால் வைக்க முடியாது. மலைமேல் ஏறிப் போகிற மேல் பாதையில் போளூருக்கு நடந்து போகலாம் என்றால் நடுவில் உள்ள ஓடை ஆளை இறங்க விடவில்லை. வட்டவடைப் பக்கம் காட்டு வழியில் மரங்கள் விழுந்து அடைத்துக் கிடந்தன. ஊர் ஒரு தீவாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை கோயில் முற்றத்தில் நாங்கள் கூடி நின்றோம். ஆளுக்கொரு போன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: அவசர அழைப்பு மட்டும். பக்கத்து வீட்டுக்காரி, என்னை அண்ணன் என்று அழைப்பவள், பூண்டு விவசாயத்திலும் வாய் வீச்சிலும் ஊரில் நிகரில்லாதவள், முகட்டைக் கைநீட்டிக் காட்டினாள்.

“அண்ணே, அந்தா ஒரு டவரு நிக்கிதுல்ல. வெளக்கு எரியுது. நம்மது செத்துக் கெடக்கு. போனை அவுத்து விட்டாத்தான் என்ன? போயி அதுல மேயட்டுமே.”

“அது வேற கம்பெனிக்காரன் காடு, ஆத்தா. உள்ள விடுவானா?” என்றேன்.

“வேலி ஓரத்துல வாயை வச்சாக்கூட வெரட்டுவானோ? பாப்பமே.”

அவள் தன் போனை அவிழ்த்தாள். போன் நெடுநேரம் தேடியது. பிறகு ஒரே ஒரு பெயரைக் காட்டியது. அந்தப் புது டவரின் கம்பெனிப் பெயர்தான் அது. அழுத்தினாள். நாங்கள் அத்தனை பேரும் அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தோம். வட்டம் சுற்றியது. பிறகு, இந்த நெட்வொர்க்கில் இணைய உங்கள் சிம்முக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

“அடச் சீ! சிம்முக்குமா சாதி பாக்குறானுக!” என்றாள்.

சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரித்தோம். அதற்குள் கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன. “கட்டிப் போடு, கட்டிப் போடு! வட்டவடை டவரு முந்தி வந்துட்டா அங்க ஓடிரும். நம்ம டவரு உசிரோட வந்தாலும் திரும்பி வராது!” அவள் உடனே மறுபடி கட்டினாள். ஊரில் ஒரு போன்கூட அவிழ்ந்து கிடக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு கலைந்தோம். ஒரு கதவைத் தட்டினோம், பூட்டியிருந்தது, திரும்பிவிட்டோம். அவ்வளவே.

வெள்ளிக்கிழமையும் மழை. என் மனைவி மாத்திரைப் பட்டையை எடுத்து என் முன்னே வைத்தாள். “இம்புட்டு இருக்குங்க. இது தெரியாம அவரு பாட்டுக்கு வந்துருவாரு” என்றாள். அப்போது எனக்கு ஒன்று தோன்றிற்று. அவசர அழைப்பு மட்டும் என்று போன் சொல்கிறதே, அதையாவது செய்தால் என்ன? அவசர எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது ஐயா! அந்த முகட்டு டவர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வேறு டவர் ஏது? தூரத்து நகரத்திலிருந்து ஒரு பெண் குரல், தெளிவாக, பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்டது.

“எந்த இடம் சார்?”

“கிளாவரை அம்மா. கொடைக்கானல் தாலுகா.”

“அங்க யாருக்காவது அடிபட்டிருக்கா சார்?”

“இல்லை அம்மா. இன்னும் இல்லை.”

“தீ விபத்து, சண்டை, அந்த மாதிரி ஏதாவது?”

“ரோடு அடியில் குடைந்து கிடக்கிறது. மேலே தார் மட்டும் நிற்கிறது. என் மருமகன் தெரியாமல் வந்துவிடுவார். நம்பர் சொல்கிறேன். வராதீர்கள் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா.”

“சார், தனி ஆளுக்கு நாங்க தகவல் சொல்ல முடியாது சார். ரோடு விஷயத்தை நான் பதிவு பண்ணி உரியவங்களுக்கு அனுப்புறேன். நீங்க பத்திரமா இருங்க.”

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. மரியாதையாகப் பேசினாள், தன் வேலையைச் செய்தாள். என் கேள்வி வேறு. என் குரல் அந்த டவரில் ஏறிப் பல மைல் கடந்து அவள் காதுக்குப் போக முடிந்தது. அதே குரல் அதே டவரில் ஏறிக் கொடைக்கானலில் இருக்கிற என் மகள் காதுக்குப் போக முடியாது. காற்று தடுக்கவில்லை. மலை தடுக்கவில்லை. இரண்டு கம்பெனிகளுக்கு இடையே உள்ள கணக்கு தடுத்தது. இதை எண்ணிக்கொண்டு அன்று மாலை முழுவதும் வாசலில் நின்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். கல் எடுத்து எறியத் தோன்றிற்று.

வெள்ளி இரவோடு மழை நின்றது. சனிக்கிழமை விடியலில் ஓடையும் இறங்கியது. வெள்ளனே இரண்டு பேரை மேல் பாதையில் அனுப்பினோம். போளூர் முனையில் மரத்தை வெட்டிப் போட்டு வண்டிகளை மறிக்கச் சொன்னோம். நான் வளைவின் இந்தப் பக்கம் நிற்பது என்று ஏற்பாடு. மூடுபனியில் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பாக ஏதாவது வேண்டும் என்றேன். மனைவி பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தாள். நல்ல சிவப்பு. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி உட்பட ஏழெட்டுப் பேர் என்னோடு வர, வளைவில் போய் நின்றேன்.

நாங்கள் அனுப்பிய இருவரும் சாலையில் இறங்கியபோது ஈரத் தாரில் புதிய டயர்த் தடம் கிடந்ததாம். ஜீப் அவர்களைத் தாண்டிப் போயிருந்தது.

எங்களுக்கு முதலில் சத்தம் கேட்டது. பிறகு பனிக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள். நான் சேலையை வீசினேன். எல்லோரும் கத்தினோம். “நிறுத்துங்க! நிறுத்துங்க!” கீழே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? விளக்குகள் ஒரு கணம் மெதுவாயின. நின்றுவிட்டார் என்றே நினைத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லக்கூட வாய் எடுத்தேன். அடுத்த கணம் ஜீப் உறுமிக்கொண்டு முன்னிலும் வேகமாக வந்தது. சாலை மடிந்தது. ஒரு துணி மடிவதைப் போலச் சத்தமில்லாமல் மடிந்தது. ஜீப் முகம் குப்புறக் கீழே போயிற்று.

கீழே சரிவில் நின்ற சீகை மரங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. இல்லையேல் பள்ளத்தின் அடி வரை போயிருக்கும். மூட்டை கட்டும் கயிறுகளை இறக்கி, அதைப் பற்றிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். உயிர் இருந்தது. வலது கால் நசுங்கியிருந்தது. அதை விவரிக்க மாட்டேன். சட்டைப் பையில் மாத்திரைப் பொட்டலம் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

நான் மறுபடி அவசர எண்ணை அழுத்தினேன். வேறொரு குரல். “அங்க யாருக்காவது அடிபட்டிருக்கா சார்?” என்று அதே கேள்வி.

“ஆமாம் அம்மா. இப்போது அடிபட்டுவிட்டது” என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. தாமதிக்காமல் போளூருக்கு வந்தது. கம்பளியைக் கம்பில் கட்டி அதில் அவரைக் கிடத்தி, மேல் பாதை வழியாக ஓடையைக் கடந்து தூக்கிக்கொண்டு போனோம். நான் அவரோடு வண்டியில் ஏறினேன். வழியில் கவுஞ்சியைத் தாண்டி மன்னவனூரை நெருங்கும்போது, என் சட்டைப் பையில் இருந்த போன் துடிக்கத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக மணி. எங்கள் கம்பெனியின் உயிருள்ள டவர் ஒன்று எட்டிவிட்டது. மகள் அழைத்து அழைத்துத் தவறிய அழைப்புகள் முதலில் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வண்டியில் இருந்த உதவியாளரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, கனமழையால டவர் பாதிச்ச ஊர்கள்ல எந்தக் கம்பெனி சிம்மா இருந்தாலும், அங்க வேலை செய்யற வேற கம்பெனி டவர்ல பேசிக்கலாமாம். ரோமிங் தொறந்து விட்டிருக்காங்களாம். போன்ல நெட்வொர்க்கைத் தானா எடுக்கற மாதிரி மாத்தி வச்சுக்கச் சொல்றாங்க.”

“எப்போது திறந்தார்களாம்?”

“இது வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்புனதுங்க ஐயா.”

மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி வாசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம். காலையில் அவள் போனை அவிழ்த்துப் பார்த்துக் கட்டினாளே, அதே வியாழக்கிழமை. நாங்கள் தட்டிவிட்டுத் திரும்பிய பிறகு, யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள். திறந்துவிட்டோம் என்பதை எங்களுக்குச் சொல்ல எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? செத்துப்போன டவரை. எந்தப் போனில் சிக்னல் இல்லையோ அந்தப் போனுக்கே, சிக்னல் இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று செய்தி அனுப்பினார்கள்! வெள்ளிக்கிழமை முழுவதும் நான் வாசலில் நின்று வெறித்துப் பார்த்த அந்தச் சிவப்பு விளக்கு, அப்போது எனக்கும் உரியதாகவே இருந்திருக்கிறது. என் கையிலேயே இருந்தது ஐயா. ஒரு பொத்தானை மாற்றியிருந்தால் போதும்.

போன் மறுபடி மணி அடித்தது. மருமகன் கண்ணைத் திறந்தார்.

“யாரு மாமா? அவளா?”

“இல்லை மாப்பிள்ளை. கம்பெனிக்காரன்.”

“என்னவாம்?”

உதவியாளர் அந்தச் செய்தியையும் பார்த்துவிட்டு மெதுவாக, “கூப்பிடுறவங்களுக்குப் பாட்டு வச்சுக்கச் சொல்லி விளம்பரம்” என்றார்.

“பாட்டு வைக்கச் சொல்கிறான் மாப்பிள்ளை” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். வலியில் முடியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து பேசத் தொடங்கிய பிறகு ஒரு நாள், நான் கட்டிலருகே இருக்கும்போது, நான் கேளாமலேயே அவர் சொன்னார். “நான் நிறுத்தத்தான் மாமா போனேன். பனிக்குள்ள பாத்தா அத்தையோட செவப்புச் சேலை உங்க கையில. எல்லாரும் கத்துறீங்க. அத்தை போயிட்டாங்க, அதான் வெரசா வரச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் மிதிச்சேன்.”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? வேறு நிறத்தில் கொடி பிடித்திருக்க வேண்டும் என்பதா? போன் பேச வேண்டிய இடத்தில் ஒரு சேலையைப் பேச வைத்தோம். அது வேறெதையோ சொல்லிவிட்டது. என் மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். அவருக்கு மறைக்கத் தெரியாது. அவள் அந்தச் சேலையைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

பிறகு நானும் மகளும் கொடைக்கானலில் உள்ள கம்பெனிக் கடைக்குச் சென்றோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். நடந்ததைக் கேட்டார். வருந்தினார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு வரைபடம் காட்டினார். அதில் எங்கள் ஊர் அழகாக வண்ணம் பூசப்பட்டிருந்தது.

“பாருங்க சார், உங்க ஊருக்குக் கவரேஜ் இருக்கு. எங்க டவர் போனாலும் ரோமிங்ல அடுத்தவங்க டவர் எடுத்துக்கும். எங்க பக்கம் எல்லாமே சரியா பண்ணியிருக்கோம் சார்.” என் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். முகம் மாறிற்று. “சார், இதை மேனுவல்ல வச்சிருக்கீங்களே! ஆட்டோமேட்டிக்ல இருந்திருந்தா வியாழக்கிழமையே தானா எடுத்திருக்கும். யாரு சார் இப்படி மாத்துனது?”

“நீங்கள்தான்” என்றேன்.

“நானா?”

“இந்தக் கடை. இதே மேஜை. கேரளத்து டவருக்கு ஓடுகிறது என்று வந்து நின்றோம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று கற்றுக் கொடுத்தீர்கள். ஊரே அப்படித்தான் வைத்திருக்கிறது.”

“அது முன்னாடி இருந்தவங்க சார்.”

“நல்லது. திறந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினீர்களே, அதை எந்த டவர் வழியாக அனுப்பினீர்கள்?”

அவர் என் போனை மேஜையின் மேல் வைத்தார்.

“சிஸ்டம் தானா அனுப்பும் சார்” என்றார் கடைசியில்.

என் மகள் எழுந்து நின்றாள். “எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ரேடியோ பாடுது தம்பி. பேட்டரியில ஓடும். அதுல ஒரு தடவை, போனை அவுத்து விடுங்கன்னு சொல்லியிருந்தா எங்கப்பா அவுத்திருப்பாரு. அதுக்கு உங்க சிஸ்டத்துக்கு மனசு வரலையா?”

“அவுத்து விடறதுன்னா என்ன மேடம்?” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

நாங்கள் சொன்னதைப் புகாராகப் பதிந்துகொண்டதாகச் சொன்னார்கள். மறுநாள் என் போனுக்குச் செய்தி வந்தது: தங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? மகள்தான் வாசித்துச் சொன்னாள். நான் எந்த எண்ணையும் அழுத்தவில்லை. எந்தக் குறை ஐயா தீர்ந்தது? வளர்ந்துவிட்டதா அந்தக் கால்?

மருமகன் இப்போது டவுனில் ஜீப் ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மற்ற ஓட்டுநர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார். எந்தப் பாறை, எந்தக் காட்சி முனை, எங்கே பனி எப்போது விலகும் என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டுக்கொண்டு, சுற்றுலாக்காரர்கள் வேறொருவன் வண்டியில் ஏறிப் போகிறார்கள். அவர் கோபப்படுவதில்லை. அவருக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து இதைப் பற்றிப் பேசினோம். எல்லோரும் போனை அவிழ்த்து விடுவது என்று முடிவாயிற்று. விட்டோம். ஒரு வாரத்துக்குள் பாதிப் போன்கள் வட்டவடைக்கு ஓடிவிட்டன. வந்த அழைப்புகள் சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் பூண்டுக்கு விலை சொல்ல வியாபாரி கூப்பிட்டுக் கிடைக்காமல் வேறொருவரிடம் வாங்கிவிட்டான். “நான் கட்டிட்டேன் அண்ணே. கோவிச்சுக்காதீங்க. வயித்தையும் பாக்கணும்ல” என்று என்னிடம் வந்து சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொருவராகக் கட்டிவிட்டார்கள். இன்று ஊரில் அவிழ்ந்து கிடக்கிற போன் என்னுடையது ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் மலையாளம் பேசுகிறது.

அடுத்த கார்த்திகையில் மழை வரும். எங்கள் டவர் சாகும். யாரோ எங்கேயோ இருந்து ரோமிங்கைத் திறப்பார்கள். திறந்த செய்தி மறுபடியும் செத்த டவருக்கே வரும். முகட்டில் விளக்கு எரியும். வளைவில் இப்போது தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மலையில் வளைவு ஒன்றா இருக்கிறது?

சென்ற மாதம் மகள் மறுபடி அந்தக் கடைக்குப் போனாள். வேறொருவர் இருந்தாராம். கிளாவரையிலிருந்து அப்படி ஒரு புகாரே நிலுவையில் இல்லை என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாராம். தீர்க்கப்பட்டவை எல்லாம் அதில் தெரியாதாம். அதனால்தான் இதை எழுதலானேன். இனி ஒருவர், எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

ஐயா, அம்மா, தாங்கள் யாராயினும், இதை வாசித்து முடித்ததும் எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.